மிடி: ஒரு வறிய மொழியின் நீண்ட ஆயுள்

வீணையின் தந்தியை மீட்டினால் அது ஏன் ஒலிக்கிறது என்று வைணிகர் எவரும் கேட்பதில்லை. விரலின் அழுத்தம், தந்தியின் இழுவிசை, குடத்தின் அதிர்வு ஆகிய மூன்றும் பொருளின் இயல்பாலேயே ஒன்றோடொன்று பிணைந்தவை. எந்த அசைவுக்கு எந்த ஒலி என்பதை இயற்கையும் கருவி செய்யும் தச்சரும் சேர்ந்து முன்பே முடிவு செய்துவிட்டார்கள். மின்னணு இசைக்கருவியில் இந்தப் பிணைப்பு அறுந்துபோகிறது. கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் குமிழ். ஒலி பிறப்பதோ கணினிக்குள் நடக்கும் கணக்கிலிருந்து. இரண்டுக்கும் நடுவே நின்று, 'இதைத் திருப்பினால் அது மாறட்டும்' என்று யாரேனும் சொல்லியாக வேண்டும். இசைப்பதிவுக் கூடங்களில் இதற்கு 'மேப்பிங்' என்று பெயர். இக்கட்டுரையில் நாம் அதைப் 'பொருத்தம்' என்று அழைப்போம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கருவிகளை நிறுவுபவரின் சில்லறை வேலை. ஆனால் அதன் வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்தால் ஒரு பெரிய கேள்வி எதிர்ப்படுகிறது. கையசைவுக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருடையது? வாசிப்பவருடையதா, கருவியை விற்கும் நிறுவனத்துடையதா, மென்பொருளை எழுதுபவருடையதா?

*

கணினியிலிருந்து இசையை வரவழைத்த முன்னோடிகளில் முதன்மையானவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மாக்ஸ் மாத்யூஸ். 1957-இல் அவர் எழுதிய நிரல் 17 விநாடி இசைத்துணுக்கு ஒன்றை உருவாக்கியது. அந்நாளில் கணினியோடு இசைப்பது கடிதப் போக்குவரத்துப் போன்றது. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கைக்கு அங்கே வேலையே இல்லை. இக்குறையைப் போக்க மாத்யூஸும் எஃப். ரிச்சர்ட் மூரும் 1960-களின் இறுதியில் 'க்ரூவ்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். குமிழ்கள், ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு சிறு கீபோர்ட் ஆகியவற்றின் அசைவுகளைக் கணினி படித்து, நினைவில் வைத்து, வெளியே இருந்த மின்னணுக் கருவிகளை அவற்றுக்கேற்ப இயக்கியது. எந்தக் குமிழ் எதை மாற்றும் என்பதை இசையமைப்பாளரே நிரலாக எழுதினார். இசைப்பவருக்கும் கணினிக்கும் உள்ள உறவு, வாத்தியக்காரருக்கும் வாத்தியத்துக்கும் உள்ளதைப் போலன்றி, இசைக்குழுவை நடத்துபவருக்கும் குழுவுக்கும் உள்ளதைப் போல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஒவ்வொரு சுரத்தையும் நடத்துநர் வாசிப்பதில்லை. எனினும் எல்லாச் சுரங்களும் அவர் கையைப் பார்த்தே நகர்கின்றன.

க்ரூவ் ஓர் அறையை நிரப்பிய இயந்திரம். கடையில் வாங்கக்கூடிய கருவிகளில் இந்தப் பிளவு தெளிவாக வெளிப்பட்டது 1978-இல், கலிஃபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் ஸ்மித் வடிவமைத்த 'ப்ராஃபெட்-5' சிந்தசைசரில். அதற்குள் ஒரு நுண்செயலி இருந்தது. குமிழ்களின் நிலையை அது எண்ணாகப் படித்தது. உருவாக்கிய ஒலியைச் சேமித்து, ஒரு பொத்தானால் மீட்டெடுக்கவும் வழி செய்தது. இசைக்கலைஞர்களுக்கு இது பெரும் வரம். ஆனால் வரத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. சேமித்த ஒலியை மீட்டெடுக்கும்போது குமிழ்கள் தாமாகத் திரும்பி அந்த நிலைக்கு வருவதில்லை. கண் காண்பது ஒன்று, காது கேட்பது மற்றொன்று. இன்று வரை தொடரும் இச்சிக்கலுக்குப் பின்னர் வருவோம்.

*

அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. மூக் கருவிகளில் ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒரு ஸ்தாயி உயரும். கோர்க், யமஹா கருவிகள் சிலவற்றில் கணக்கே வேறு. 1981-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி, பொதுமொழி ஒன்று வேண்டும் என்று டாம் ஓபர்ஹைம், டேவ் ஸ்மித் ஆகியோருடன் பேச்சைத் தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் ஸ்மித்தும் செட் வுட்டும் ஒரு முன்வரைவைப் பொறியாளர் மாநாட்டில் முன்வைத்தனர். யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களும் இணைந்தன. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஒரு ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜுபிடர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வரைவு வெளியாயிற்று. 'மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் டிஜிட்டல் இன்டர்ஃபேஸ்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு 'மிடி' என்று பெயரிட்டனர். அதைப் பயன்படுத்த எவரும் எவருக்கும் உரிமத்தொகை செலுத்தத் தேவையில்லை என்பதும் முடிவாயிற்று.

தமிழில் 'மிடி' என்றால் வறுமை. ஒலியொப்புமை தற்செயலானதுதான். எனினும் அந்த மொழியின் இயல்பை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் கிடைப்பது அரிது. விநாடிக்கு 31,250 பிட்டுகள் என்பது அதன் வேகம். பத்து லட்சத்தை 32-ஆல் வகுத்தால் கிடைக்கும் எண். அக்கால மலிவான சில்லுகளுக்கு எளிதானது. ஐரோப்பிய வீட்டு ஒலிப்பெட்டிகளில் ஏற்கெனவே இருந்த ஐந்து ஊசிச் செருகியையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு கம்பியில் 16 தடங்கள். ஒரு குமிழின் நிலையைச் சொல்ல 0 முதல் 127 வரை 128 படிகள். ஏழு பிட்டுகளில் அவ்வளவுதான் அடங்கும்.

குமிழைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 176, 21, 64 என்று மூன்று எண்கள் கம்பியில் செல்கின்றன. 'முதல் தடத்தில் ஒரு குமிழ் அசைந்தது. அதன் எண் 21. அதன் நிலை 64' என்பது இதன் பொருள். இந்த மூன்று எண்களும் போய்ச்சேர ஒரு மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. நாம் கவனிக்க வேண்டியது, அச்செய்தியில் எது இல்லை என்பதை. 21 என்பது ஒலியளவா, எதிரொலியா, ஃபில்டரா என்று அது சொல்வதில்லை. காலப்போக்கில் சில எண்களுக்குப் பொருள் நிலைபெற்றது. 7 என்றால் ஒலியளவு. 10 என்றால் இடவலச் சாய்வு. 64 என்றால் பியானோவின் மிதி. ஆனால் 20 முதல் 31 வரையிலான எண்களுக்கு வரையறை தரப்படவில்லை. இன்றும் இல்லை. அவை பொருளற்ற சொற்கள். பேசுபவரும் கேட்பவரும் தமக்குள் ஒப்புக்கொண்டால் மட்டுமே பொருள் பெறுபவை.

இந்த வறுமையை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. க்ரூவை உருவாக்கிய அதே மூர், 1988-இல் மிடியின் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பயின்ற கையின் நுண்ணசைவுக்கும் ஒலியின் மாற்றத்துக்கும் இடையே இருக்க வேண்டிய நெருக்கத்தை இந்த மொழி தாங்காது என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு ஃபில்டரை 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்துவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள். அதாவது 120 அரைச்சுரங்கள். அதை 127 தாவல்களில் கடந்தால் ஒவ்வொரு தாவலும் கிட்டத்தட்ட ஓர் அரைச்சுர அகலம். வழுக்கிச் செல்ல வேண்டிய ஒலி படிக்கட்டில் உருண்டு இறங்கும். படிகளுக்கு இடையே கணக்கிட்டு நிரவும் வேலையை மென்பொருள்கள் பின்னர் ஏற்றுக்கொண்டன. இரண்டு எண்களை இணைத்து 16,384 படிகள் பெறும் வழியும் வரைவில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்திய கருவிகள் குறைவு.

*

வரலாற்றின் முரண்களில் ஒன்று, குமிழ்கள் பேசக் கற்றுக்கொண்ட அதே 1983-இல் குமிழ்களே கருவிகளிலிருந்து மறையத் தொடங்கின என்பது. யமஹாவின் 'டிஎக்ஸ்7' அவ்வாண்டு வந்தது. அதன் ஒவ்வொரு ஒலிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அளவைகள். அவை அனைத்தையும் தட்டையான பொத்தான்களாலும் ஒரே ஒரு நகர்த்தியாலும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். அதே ஆண்டு ரோலண்ட் தன் 'ஜேஎக்ஸ்-3பி' கருவிக்கான குமிழ்களை 'பிஜி-200' என்ற தனிப்பெட்டியாக, தனி விலைக்கு விற்றது. குமிழ்களுக்குச் செலவு அதிகம். பொத்தானும் திரையும் மலிவு. கை பட்டு ஒலி மாறும் அனுபவம் இதனால் அரிதாயிற்று.

அந்த அனுபவத்தின் மதிப்பை உலகுக்குக் காட்டியது வணிகத்தில் தோற்ற ஒரு கருவி. ரோலண்டின் 'டிபி-303' 1981-இல் வெளிவந்து 1984-இல் நின்றுபோனது. கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாகக் கீழ்ஸ்தாயியில் வாசிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை. மலிவாகக் கைமாறிய அக்கருவி சிகாகோ இளைஞர்களுக்குக் கிடைத்தது. ஃப்யூச்சர் என்ற குழுவினர் அதில் ஒரு சிறு சுரவரிசையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஃபில்டர் குமிழ்களை இடைவிடாமல் திருகிக்கொண்டே இருந்தார்கள். 1987-இல் வெளியான 'ஆசிட் ட்ராக்ஸ்' இவ்வாறு பிறந்தது. ஒரு புதிய இசைவகைக்கே அது பெயர் தந்தது. அதில் சுரம் மாறுவதில்லை, குமிழ்தான் வாசிக்கப்படுகிறது. கருவியைச் செய்தவர் ஒருமுறை திருத்திவிட்டு மறந்துவிட வைத்த குமிழை இந்த இளைஞர்கள் வாத்தியமாக்கினார்கள். பொருள் சொல்லும் உரிமையைக் கை தானே எடுத்துக்கொண்ட தருணம் அது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1997-இல், சுவீடனின் ப்ரோபெல்லர்ஹெட் நிறுவனம் இரண்டு 303 கருவிகளைக் கணினித்திரையில் கொண்டுவந்தது. 'ரீபர்த்' என்பது அம்மென்பொருளின் பெயர். முன்னதாக 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பர்க் நிறுவனம், ஒலியை மாற்றும் சிறுநிரல்களைக் கணினிக்குள் செருகும் வி.எஸ்.டி. முறையை வெளியிட்டிருந்தது. 1999-இல் இசைக்கருவிகளே அவ்வாறு செருகும் நிரல்களாயின. திரையில் அழகழகான குமிழ்கள் தோன்றின. ஆனால் மவுஸ் என்பது ஒற்றை விரல். 303-இல் இரு கைகளாலும் இரு குமிழ்களை ஒருசேரத் திருகியவருக்குத் திரையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வாய்த்தது. வட்டமான குமிழின் படத்தை நேர்கோட்டில் இழுத்துத் திருப்ப வேண்டிய விநோதம் வேறு.

ஒலி எதையும் எழுப்பாத, குமிழ்களும் நகர்த்திகளும் மட்டுமே கொண்ட பெட்டிகள் பரவலான தேவையாக மாறியது இதனால்தான். 1999-இல் யு.எஸ்.பி. வழியாக மிடியை அனுப்பும் பொதுவரைவு வந்தபின், தனி இடைமுகம் ஏதுமின்றி அவை கணினியோடு நேரே இணைந்தன. சங்கு தனியாகவும் ஊதுபவர் தனியாகவும் விற்கப்படும் காலம் தொடங்கியது என்று சொல்லலாம். இடைப்பட்ட வேலை, அதாவது பொருத்தம், வாங்கியவர் தலையில் விழுந்தது.

*

அந்த வேலையை எளிதாக்க மென்பொருள்கள் கண்டறிந்த வழி அழகானது. திரையில் ஒரு குமிழைச் சுட்டிவிட்டு, 'கற்றுக்கொள்' என்று கட்டளையிட வேண்டும். பிறகு மேசைமேல் இருக்கும் பெட்டியின் ஏதேனும் ஒரு குமிழை அசைக்க வேண்டும். 176, 21 என்ற எண்கள் வந்தவுடன், இனி 21 என்றால் இதுதான் என்று மென்பொருள் மனத்தில் பதித்துக்கொள்ளும். குழந்தைக்குப் பொருளைக் காட்டிச் சொல் கற்பிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. 21-க்கு முன்கூட்டியே பொருள் இல்லாததால்தான் அதற்கு எந்தப் பொருளையும் கற்பிக்க முடிகிறது.

ஆனால் ப்ராஃபெட்-5 விட்டுச்சென்ற சிக்கல் இங்கே காத்திருந்தது. சேமித்த பாடலில் ஃபில்டர் 100-இல் இருக்கிறது. மேசையில் குமிழ் 20-இல் நிற்கிறது. கச்சேரி நடுவே அதைத் தொட்டவுடன் ஒலி 100-லிருந்து 21-க்கு விழும். கேட்போர் அனைவருக்கும் அது தெரியும். இதற்கு மென்பொருள்கள் மூன்று வழிகளைத் தருகின்றன. தாவட்டும் என்று விட்டுவிடுவது முதல் வழி. குமிழ் பழைய நிலையைக் கடக்கும் வரை மென்பொருள் காதை மூடிக்கொள்வது இரண்டாவது. குமிழும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து எல்லையில் சந்திப்பது மூன்றாவது. மூன்றிலும் ஏதோ ஒன்றை இழக்கிறோம்: முதலில் தொடர்ச்சியை, அடுத்ததில் நேரத்தை, கடைசியில் கையின் அளவுணர்வை.

வன்பொருள் செய்தவர்கள் வேறு வழி கண்டார்கள். மெக்கி நிறுவனத்தின் கருவிகளில் நகர்த்திகளுக்குள் மோட்டார் இருந்தது; மென்பொருள் மாறினால் அவை தாமே நகர்ந்து அந்த நிலைக்கு வந்து நின்றன. 2000-களின் தொடக்கத்தில் வந்த 'மெக்கி கன்ட்ரோல்' நகர்த்தியின் நிலையைச் சொல்ல 128 படிகள் போதாமல், சுரத்தை வளைப்பதற்கென்று மிடியில் இருந்த 16,384 படிச் செய்தியை எடுத்துப் பயன்படுத்தியது. சுரத்துக்கான சொல் ஒலியளவைச் சுமந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழக்கத்தைப் பின்பற்ற, எழுதப்படாத இலக்கணமாக அது நிலைத்தது. சுவீடனின் க்ளாவியா நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 'நோர்ட் லீட் 3' முடிவின்றிச் சுழலும் குமிழ்களைக் கொண்டிருந்தது. அவற்றைச் சுற்றி நின்ற விளக்குவட்டம் நிலையைக் காட்டியது. முடிவின்றிச் சுழலும் குமிழ், தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் நகர்ந்தேன் என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்வதிலும் வட்டார வழக்குகள் தோன்றின. 'ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே' என்பதைச் சில கருவிகள் 1, 127 என்றும், வேறு சில 65, 63 என்றும் சொல்லும். மென்பொருள் அவ்வழக்கை அறியாவிட்டால் ஒலி உச்சிக்கும் அடிக்கும் மாறி மாறித் தாவும்.

*

பெர்லினில் 1999-இல் தொடங்கப்பட்ட ஏபிள்டன் நிறுவனம் 2001-இல் 'லைவ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. மேடையில் மடிக்கணினியை வாத்தியமாகக் கையாள வழி செய்த மென்பொருள் அது. நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் ஹெங்கே ஓர் இசைக்கலைஞரும்கூட. சந்தையில் கிடைத்த எந்தப் பெட்டியும் தம் இசைக்குப் போதாது என்று அவர் தமக்கெனவே 'மோனோடெக்' என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்துகொண்டார். விற்பனைக்கு அன்று; ஒரே ஒருவரின் கைக்கு. 2006-இல் அமெரிக்காவின் ப்ரையன் கிராப்ட்ரீ உருவாக்கிய 'மோனோம்' வேறொரு எல்லை. பெயரோ எண்ணோ எழுதப்படாத பொத்தான்களின் கட்டம். எதைச் செய்ய வேண்டும் என்பது முழுவதும் வாங்கியவரின் பொறுப்பு.

பெருநிறுவனங்கள் எதிர்த்திசையில் நடந்தன. நோவேஷன் நிறுவனத்தின் 'ஆட்டோமேப்' என்ற மென்பொருள், எந்த இசைநிரல் திறந்திருக்கிறதோ அதன் அளவைகளைக் குமிழ்களுக்குத் தானே பங்கிட்டுக் கொடுத்தது. 2009-இல் ஆகாய் நிறுவனம் ஏபிள்டனோடு சேர்ந்து 'ஏபிசி40' என்ற பெட்டியை வெளியிட்டது. 2013-இல் 'புஷ்' வந்தது. இவற்றில் பொருத்தம் என்ற வேலையே இல்லை. இணைத்தவுடன் குமிழ்களுக்குத் தம் கடமை தெரியும். புஷ் கருவியின் திரையில் அளவையின் பெயரும் தோன்றும். இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கீபோர்டுகள் சில, தொட்ட குமிழின் பெயரை வாய்விட்டுச் சொல்லும். பார்வையற்ற இசைக்கலைஞர் பிறர் துணையின்றி ஒலியை வடிவமைக்க அது வழி திறந்தது.

எனினும் எட்டுக் குமிழ்கள் என்றால் எட்டு அளவைகள்தாம். நூறு அளவைகளில் எந்த எட்டு கைக்கு அருகே வர வேண்டும் என்பதை யாரோ முன்பே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். 303-இன் குமிழை இடைவிடாமல் திருகலாம் என்று அதைச் செய்தவருக்குத் தோன்றியிருக்காது. அந்தத் தேர்வு அவர் கையில் மட்டும் இருந்து, குமிழ் முதல் எட்டில் இடம்பெறாமல் போயிருந்தால், சிகாகோவின் இசை வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது இழப்பு காலத்தைச் சார்ந்தது. ஆட்டோமேப் பின்னாளில் கைவிடப்பட்டது. அதை நம்பி அமைத்த பொருத்தங்கள் புதிய இயங்குதளங்களில் செயலிழந்தன. பொருத்தம் என்பது கோப்பு மட்டுமன்று. மூன்றாம் குமிழை நோக்கிக் கண் பாராமலே போகும் விரலின் பழக்கமும்தான். இடைத்தரகு நிரல் மறைந்தால் அந்தப் பழக்கம் வீடற்றுப் போகிறது. மாறாக, 1990-களில் செய்யப்பட்ட எளிய மிடிப் பெட்டி ஒன்றை இன்று ஒரு சிறு இணைப்பியோடு புதிய கணினியில் செருகினால், அது 176, 21, 64 என்றே சொல்லும். இன்றைய மென்பொருளும் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும். எதையும் அறியாத கருவிக்கு மறந்துபோக ஒன்றுமில்லை.

*

வறுமைக்கு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். மிடியில் சுரத்தை வளைக்கும் செய்தி ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைக்கும். ஒரு சுரத்துக்கு மட்டும் கமகம் கொடுத்து மற்றொன்றை அசையாமல் நிறுத்த முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தடம் ஒதுக்கும் வழக்கம் 2018-இல் முறையான வரைவாயிற்று. விரலின் வழுக்கலையும் அழுத்தத்தையும் சுரவாரியாகப் படிக்கும் ஹாக்கன் கன்டினூவம் போன்ற பரப்புகளுக்கு அது பொருந்தியது. ஏ.ஆர். ரஹ்மான் 2009-இல் வெளியான 'டெல்லி-6' திரைப்படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் வாசித்தது இந்தக் கருவியைத்தான். கீபோர்டின் வெள்ளைக் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே நம் இசைக்கு வேண்டிய இடம் எவ்வளவு என்பதை அங்கே கேட்கலாம்.

2020-இல் 'மிடி 2.0' வரைவு வெளியாயிற்று. 128 படிகள் இருந்த இடத்தில் 32 பிட்டுகள், அதாவது 400 கோடிக்கும் மேற்பட்ட படிகள். கருவிகள் இருபுறமும் பேசும். 'நீ யார், உன்னிடம் என்னென்ன உண்டு' என்று ஒன்றையொன்று விசாரித்துத் தாமே பொருந்திக்கொள்ள வழி உண்டு. மூர் சுட்டிய குறைகளில் பலவற்றுக்கு விடை இதில் இருக்கிறது. பழைய மொழியில் பேசும் கருவிகளையும் புறந்தள்ளாமல் அமைத்திருக்கிறார்கள் என்பது பாராட்டத்தக்கது. ககேஹாஷி 2017-இலும் ஸ்மித் 2022-இலும் மறைந்தார்கள். மிடிக்காக இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

அவர்கள் விட்டுச்சென்றதில் வேகமும் படிகளும் வருங்காலத்தில் பெருகட்டும். ஆனால் 20 முதல் 31 வரையிலான அந்த வெற்றெண்களைப் போன்ற ஓர் இடம் எந்தப் புதிய வரைவிலும் எஞ்சியிருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். தானே பொருந்திக்கொள்ளும் கருவி பலருக்குப் பயன்படும். பொருத்தத்தைக் கலைத்துப்போடும் வழியும் அதில் திறந்திருக்க வேண்டும். அடுத்த இசைவகை எந்தக் குமிழிலிருந்து புறப்படும் என்று கருவி செய்பவருக்கு முன்கூட்டியே தெரிய வாய்ப்பில்லை.